தலைக்கு மேலே நின்ற ட்ரோன்

போட்டோகிராபர் ஏணியிலிருந்து விழுந்தால் அடி அவனுக்கு. அவனுடைய ட்ரோன் விழுந்தால் அடி யாருக்கென்று விழுந்த பிறகுதான் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்டப வாசலில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருப்பீர்கள். "சூப்பரா இருக்குதுங்க" என்று பக்கத்தில் யாரோ சொல்ல, நீங்கள் மட்டும் அது கீழே வந்து சேரும்வரை எச்சில் விழுங்காமல் இருந்திருப்பீர்கள்.

இங்கே எழுதப்போவதில் ஒரு பகுதி எனக்கு இன்னொருவர் சொன்னது. அதைப் பல வருஷங்களாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதும் சரியில்லை. நம்பாதவன் எதற்காக அத்தனை வருஷம் ட்ரோன் வாங்காமல் இருந்தான் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள்.

அருள்தாஸ் அண்ணன் சொன்னது

பெண்ணாடத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அருள்தாஸ் என்னைவிட மூத்தவர். எங்கள் பக்கத்துப் போட்டோகிராபர்களில் முதலில் ட்ரோன் வாங்கியவர்களில் ஒருவர். ஒரு கிராமத்து அம்மன் தேருக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேர் தெருமுனை திரும்பும்போது ட்ரோனை அதை நோக்கிச் செலுத்தினாராம். பாதி தூரத்தில் அது அந்தரத்தில் நின்றுவிட்டது. ரிமோட்டின் குச்சியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் நகரவில்லை. இறக்கப் பார்த்தால் இறங்கவும் இல்லை. கீழே தேரை இழுத்துக்கொண்டு ஜனம் வந்துகொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்ததும் அது தானாக, நேராக, கூட்டத்துக்குள் இறங்கியது. அதன் இறக்கை ஒரு பெண்ணை வெட்டிவிட்டது.

இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறை அந்தப் பெண்ணுக்குத் தோளில் காயம்; இன்னொருமுறை கையில். ஊர் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் ஊருக்கும் அவர் ஊருக்கும் இடையில் இருக்கிற கிராமங்களில் இருவருக்கும் ஆர்டர் உண்டு. இந்தக் கதையைக் கேட்டு நான் ட்ரோன் வாங்காமல் இருந்தால் யாருக்கு லாபம் என்று ஒரு கெட்ட எண்ணம் எனக்கு வந்ததுண்டு. ஆனால் அவரும் அதற்குப் பிறகு ட்ரோனைத் தொடவில்லை. கோயில் விசேஷ ஆர்டர் எது வந்தாலும் வேறு ஆளைக் காட்டிவிடுவார். அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒருநாள் டீக்கடையில், சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "கை என்னுது, மெஷின் என்னுது. நிறுத்துனது நான் இல்ல தம்பி. அந்த அம்மன்தான் என்னைய உள்ள வுடல."

செல்வராசுவின் தட்டுகள்

கருவேப்பிலங்குறிச்சி செல்வராசு கரும்பு விவசாயி. ஆனி மாதக் கடைசியில் ஸ்டூடியோவுக்கு வந்தார். அதே ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவின் மகளுக்கு ஐப்பசியில் மஞ்சள் நீராட்டு. இவர்தான் தாய்மாமன். சீர்வரிசையை டிராக்டரிலும் தட்டுகளிலும் வைத்து, மேளத்தோடு ஊர் எல்லையிலிருந்து அக்கா வீடுவரை கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ட்ரோன் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் நன்றாகவே வரும் என்றேன். அந்த வருஷம் மட்டும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி எத்தனை பேரை அனுப்பினேன் என்று எனக்குத்தான் தெரியும். கலா, என் மனைவி, உள்ளே ஆல்பத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். இவரும் எழுந்து போய்விட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கையில் வேலை கிடையாது. செல்வராசு எழுந்திருக்கவில்லை. எனக்கு ஏதோ ஒரு எளிய விஷயம் புரியவில்லை என்பது போலப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "மாடியில இருந்து எடுத்தா முன்னாடி வர்ற தட்டுதாங்க தெரியும். பின்னாடி எத்தன தட்டு வந்துச்சுன்னு எங்க மச்சான் வூட்டுக்காரங்க நம்பணுமா, இல்லியா?"

திருச்சிக் கடையில்

ட்ரோனோடு வருவதாக ஒப்புக்கொண்டேன். ஆடியில் விசேஷம் கிடையாது. பழக நேரம் கிடைக்கும் என்று ரயிலேறித் திருச்சிக்குப் போனேன். கடைக்காரத் தம்பி கண்ணாடி மேஜைமேல் மூன்று ட்ரோன்களை வைத்தார். முதலாவது உள்ளங்கையில் அடங்குவது. அரசாங்க விதிகளில் தொல்லை குறைவு, விலையும் குறைவு. ஆனால் காற்றடித்தால் தாக்குப்பிடிக்காது, தரையைப் பார்க்கிற சென்சார் கண் மட்டும்தான் உண்டு. மூன்றாவது சினிமாக்காரர்களுக்கானது. அதைத் தூக்கிப் பார்த்ததும் சாப்பாடு நிரம்பிய கேரியர் ஞாபகம் வந்தது. உடனே கீழே வைத்துவிட்டேன். நடுவில் இருந்ததற்கு முன்னால், பின்னால், பக்கங்களில், வயிற்றில் என்று எங்கும் கறுப்பு மணி போலக் கண்கள். எதிரே எது வந்தாலும் தானே பார்த்து நின்றுகொள்ளும் என்றார்.

முப்பது வருஷமாகப் படம் எடுப்பவன் நான். கேமரா எப்படி, மங்கலான வெளிச்சத்தில் படத்தில் புள்ளி விழுமா, பட்டுப்புடவையின் சிவப்பு சிவப்பாகவே வருமா என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் வேறு. பேட்டரி திடீரென்று தீர்ந்தால் என்ன செய்யும்? சிக்னல் அறுந்தால்? பறவை மோதினால்? ஒரு இறக்கை உடைந்தால் மற்ற மூன்றும் தாங்குமா? கீழே ஆள் இருந்தால் அதற்குத் தெரியுமா? தம்பி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற பறக்கும் நேரத்தை நம்ப வேண்டாம், அதில் கால்பங்கைக் கழித்துவிட்டு வேலையைத் திட்டமிடுங்கள் என்று கேட்காததையும் சொன்னார். கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ட்ரோன் வாங்க வந்தீங்களா, இன்சூரன்ஸ் எடுக்க வந்தீங்களா?"

நடுவில் இருந்ததை வாங்கினேன். படத்துக்காக வாங்கவில்லை. அந்தக் கண்களுக்காக வாங்கினேன்.

சூளைக்கு மேலே

ஆடி மாதத்தில் ட்ரோன் பழகக் கிளம்பியவன் நானாகத்தான் இருப்பேன். மணிமுத்தாற்று மணலில் கிளப்பினால் காற்று அதைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் தள்ளும்; நான் இழுத்துப் பிடிப்பேன். இரண்டு பேரும் களைத்துப் போய் வீட்டுக்கு வருவோம். காற்று கொஞ்சம் அடங்கியதும், பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் இடத்தை மேலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். நாலு பக்கமும் சுவர், நடுவே வெட்டவெளி, ஆள் குறைவு. பயமில்லாத இடம் என்று நினைத்தேன்.

சூளைப் புகைபோக்கியை மறந்துவிட்டேன். புகை தெரியவில்லை, அதனால் வெப்பமும் இருக்காது என்று நினைத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன். ட்ரோன் யாரோ அடியிலிருந்து உதைத்தது போல எகிறியது. திரையில் தகரக்கூரை, வானம், மறுபடி தகரக்கூரை. ஒருவழியாக அடக்கி வெளியே கொண்டுவந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அதற்கு நேர் கீழே ஒரு அம்மா போய்க்கொண்டிருந்தார். தலையில் நீளப் பலகை. பலகையில் வேகாத பச்சைப் பொம்மைகள் வரிசையாக. "அம்மா, தள்ளிப் போங்க" என்று கத்தினேன். அவர் நடையை மாற்றவில்லை. தலையை அசைத்தால் பொம்மைகள் போய்விடும். என்னைக் கடக்கும்போது கண்ணை மட்டும் திருப்பிச் சொன்னார்: "வுழுறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க சார். என்னால அண்ணாந்து பாக்க முடியாது."

ஆயுத பூஜை

ஸ்டூடியோவில் பூஜை கலாவின் பொறுப்பு. கேமராக்கள், விளக்குகள், ஸ்டாண்டுகள், பழைய பிலிம் கேமரா எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாள். அவள் முடிக்கும்வரை நான் பின்னாலேயே நிற்பேன். லென்ஸில் ஒரு துளி பட்டால் எனக்குத் தாங்காது. எல்லா லென்ஸுக்கும் மூடி போட்டிருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ட்ரோன் கேமராவுக்கும் அதன் பிளாஸ்டிக் மூடியை மாட்டினேன். சுவரில் முதுகைச் சாய்த்து அதை உட்கார வைத்திருந்தாள். கழுத்தில்லாததற்கு ஒரு சின்னக் கதம்பச் சரம்.

பூஜை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ட்ரோனைப் பெட்டியில் வைக்கும்போது பொட்டுகளை அழிக்கவா என்று யோசித்தேன். முதல் வேலைக்கே இன்னும் போகவில்லை. அதற்குள் எப்படி அழிப்பது? மனசு வரவில்லை. அண்ணன் கதையை நினைத்துக்கொண்டு நான் நிற்பது கலாவுக்குத் தெரிந்துவிட்டது. "அதுக்குத்தான் ரெண்டு பொட்டு சேத்து வெச்சிருக்கிறேன். இனிமே அது வுழாது, போங்க" என்றாள்.

சீர் ஊர்வலம்

மஞ்சள் நீராட்டு அன்று மழை இல்லை. கருவேப்பிலங்குறிச்சி எல்லையில் டிராக்டர், அதற்குப் பின்னால் பெண்கள் கையில் தட்டுகளோடு, அவர்களுக்குப் பின்னால் இன்னும் தட்டுகள். செல்வராசு புது வேட்டியில், தலைப்பாகையோடு முன்னால் நின்றார். மேளம் தொடங்கியது. நான் ரோட்டோர வரப்பிலிருந்து ட்ரோனைக் கிளப்பினேன். திரையில் மஞ்சளாக ஏதோ எச்சரிக்கை வந்தது. ஆடிக் காற்றில் பழகியபோது விதவிதமாக எச்சரிக்கை பார்த்தவன் நான், விரலால் தள்ளிவிட்டேன். ஊர்வலத்தைப் பார்த்தபடி ட்ரோன் பின்னோக்கிப் போக, ஜனம் அதை நோக்கி நடந்து வருவதுபோல எடுத்தேன். அழகாக வந்தது. பயம் இல்லாமல் நான் படம் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அடுத்து தட்டுகளின் மேலாகக் கடைசிவரை போக வேண்டும். குச்சியை முன்னால் தள்ளினேன். போகவில்லை. இன்னும் தள்ளினேன். ரோட்டுக்கு மேலே, ஆணி அடித்ததுபோல நின்றது. இறக்கினேன். ஒரு முழம் இறங்கி மறுபடி நின்றது. அண்ணன் சொன்னது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன்னால் நடந்தது. அவரையாவது சர்ச்சுக்குப் போகிறவர் என்று உள்ளே விடவில்லை. நான் வருஷா வருஷம் பழமலைநாதர் கோயில் மாசி மகத்துக்குப் போகிறவன். என்னை எதற்கு நிறுத்த வேண்டும்? நான் என்ன செய்தேன்? அந்த நிமிஷத்தில் இப்படித்தான் யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. பேட்டரி குறைந்துகொண்டே வந்தது. டிராக்டர் ட்ரோனின் அடிக்கு வந்துவிட்டது. இனி பெண்கள்.

ஓடிப்போய்ச் செல்வராசுவின் கையைப் பிடித்தேன். "ஊர்வலத்த கொஞ்சம் நிறுத்துங்க. அது கீழ வரப்போவுது."

மேளச் சத்தத்தில் அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். புரிந்ததும் முகம் மாறியது. "சீரு நடு வழியில நிக்கக் கூடாதுங்க. பொண்ணுக்கு ஆவாது."

"யாரு தலையிலயாவது விழுந்தா?"

"அத நீங்க பாத்துக்குங்க. நான் நிறுத்த மாட்டேன்."

நடந்துகொண்டேதான் பேசினோம். அவர் நிற்கவில்லை, அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. முதல் வரிசையில் வந்த ஒரு பெண் தட்டைப் பிடித்தபடி அண்ணாந்து ட்ரோனைப் பார்த்துச் சிரித்தாள். படம் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பாள். தோளா, கையா என்று அண்ணன் மாற்றி மாற்றிச் சொன்னது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. விழப்போவதைப் பார்ப்பவனுக்கு எல்லா இடத்திலும் காயம் தெரியும்.

முன்னால் போகாது, கீழே வராது. பின்னால்? இவ்வளவு நேரமும் பின்னால்தானே போனது. குச்சியை இழுத்தேன். நகர்ந்தது. ரோட்டோடு பின்னால் இழுத்து, ஒரு வளைவில் பக்கவாட்டில் தள்ளி, செல்வராசுவின் பங்காளியுடைய கரும்பு வயலுக்கு மேலே கொண்டுபோனேன். அங்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பேட்டரி தீர்ந்ததும் அது நேராகக் கரும்புக்குள் இறங்கியது. தோகைகள் அடிபடும் சத்தம் கேட்டது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சீர் இறக்கி முடித்து, பந்தலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு செல்வராசு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்து எழுந்தேன். என் சட்டையில் ஒட்டியிருந்த கரும்புத் தோகையைத் தட்டிவிட்டார். "அது போனா போவுதுங்க. கடைசித் தட்டு வரைக்கும் படத்துல வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் சொன்னேன்.

கண்ணும் நெற்றியும்

கரும்புக்குள்ளிருந்து எடுத்தபோது இரண்டு இறக்கைகள் உடைந்திருந்தன. கேமரா லென்ஸ் மட்டும் பூஜையன்று மூடி போட்ட சுத்தத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். முன்பக்கத்துக் கறுப்பு மணிகள் இரண்டிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். திருப்பினேன். வயிற்றிலும் அதேபோல. பக்கவாட்டிலும், சுவரில் சாய்ந்திருந்த முதுகிலும் இருந்த கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. முப்பது வருஷம் லென்ஸை மட்டுமே காத்துப் பழகிய எனக்கு, இந்த யந்திரத்துக்கு வேறு கண்களும் இருக்கின்றன என்பது, அவற்றுக்காகவே அதை வாங்கியும், உறைக்கவில்லை.

திருச்சிக் கடைக்குப் போன் செய்தேன். கண்ணை மறைத்தால் எதிரே சுவர் இருப்பதாக நினைத்து நிற்கலாம், தரை கிட்டே இருப்பதாக நினைத்து இறங்காமலும் இருக்கலாம் என்றார் அந்தத் தம்பி. "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. "நெத்தி எதுன்னு தெரியலைங்க. கண்ணு மாதிரி இருந்துச்சு. கண்ணு இருந்தா பக்கத்துலதான நெத்தி இருக்கணும்?"

பெண்ணாடம் பஸ்ஸில்

நாலு பக்கமும் பார்க்கிற யந்திரத்தைப் பயந்து பயந்து தேர்ந்தெடுத்து, விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, அது பார்க்க முடியாதபடி பொட்டு வைத்துப் பறக்கவிட்டதுதான் இந்தத் தொழிலில் நான் எடுத்துக்கொண்ட மிகப் பெரிய பாதுகாப்பு நடவடிக்கை.

அடுத்த வாரம் பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறினேன். போனில் கேட்டிருக்கலாம், அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்கக் கூடாது என்று தோன்றியது. வழியெல்லாம் யோசித்தேன். என் கேள்விக்கு அண்ணன் இல்லை என்று சொன்னால், அந்தத் தேருக்கு முன்னால் அவரை நிறுத்தியது எது என்ற பயம் இனி எனக்கும் சேர்த்து. ஆமாம் என்று சொன்னால், இத்தனை வருஷம் ஒரு தெய்வம் தன்னை ஒதுக்கிவிட்டது என்று அவர் சுமந்தது ஒரு துளி சந்தனத்துக்காக. ஒரு ஈரத்துணியால் துடைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும் அவர் இனிச் சுமக்க வேண்டும். எது அவருக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் திரும்பிவிடலாமா என்றுகூட பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணன் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, சொல்லாம கொள்ளாம?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கரும்பில் விழுந்த விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. நல்லவேளை ஆள்மேல் விழவில்லை என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை; ஆனால் வெட்டவும் இல்லை.

"முன்னால போகலியா?" என்றார்.

"போகலண்ணே."

"கீழயும் வரலியா?"

"வரல."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஒருவன் தன்னை நம்புகிறான் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்:

"அண்ணே, அன்னிக்கு அத மேல ஏத்துறதுக்கு முன்னாடி, அந்த ஊருக்காரங்க யாராவது அதுக்குப் பொட்டு வெச்சாங்களா?"